நான்காம் அட்டவணை

அத்தியாயம் பதினான்கு

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் பதினைந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானிலை: நள்ளிரவு முதல் இடைவிடாத மழை, மேற்கிலிருந்து பலத்த காற்று, மட்டாஞ்சேரியின் தாழ்ந்த சந்துகளில் கணுக்கால் அளவு நீர்.

இக்குடும்பத்தை இன்று புதிதாகச் சந்திக்கும் வாசகர்களுக்காகச் சிலவற்றைக் கூறுதல் நன்று. தங்கையா ஐம்பத்தாறு வயதினர். அவருடைய தந்தை நகரசபை வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து கொச்சிக்கு வந்தவர். தங்கையா மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். டீசல் ஆட்டோ ஓட்டி, பின்னர் மின்சார ஆட்டோ வாங்கி, மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முற்றத்தில் சார்ஜ் ஏற்றும் கொட்டகை ஒன்றை அமைத்தார். அவருடைய வண்டியோடு சேர்த்து ஒன்பது வண்டிகள் இரவுதோறும் அங்கே சார்ஜ் ஏறுகின்றன. கொட்டகையைக் கவனிப்பவர் அவர் மனைவி செல்வலட்சுமி. ஒரே மகள் அஞ்சு, காக்கநாட்டில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரிகிறாள்.

சென்ற வாரம் நாம் கண்டது இதுவே. மின்சார வண்டிகளுக்குப் புதிய கட்டணம் வரவிருக்கிறது. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை யூனிட்டுக்கு ஆறு ரூபாய். எஞ்சிய நேரம் முழுவதும் பன்னிரண்டு. இப்போது எந்நேரமும் ஏழரை. அந்த இரவுக் கட்டணம் வந்தால் கொட்டகையை மூடுவதன்றி வேறு வழியில்லை. ஆகவே, பொது விசாரணையில் தாமே எழுந்து பேசுவதாகத் தங்கையா எட்டு ஓட்டுநர்களுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மின்வாரியத்துக்காக அக்கட்டணத்தை வகுத்தவள் தம் மகள் என்பதை அவர் அறியார்.

அஞ்சு அதைத் தீய எண்ணத்துடன் வகுக்கவில்லை. பகலில் வீட்டுக் கூரைகளில் வெயிலால் விளையும் மின்சாரம் மிஞ்சுகிறது; மாலையில் விளக்குகளும் குளிர்சாதனங்களும் இயங்கும்போது அது போதாமல், வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்க நேரிடுகிறது. எனவே பகலில் மலிவு, இரவில் விலையேற்றம் என்பது நியாயமான முறை என்று அவள் நம்பினாள். ஆட்டோக்காரர்களுக்குத் தீங்கு நேருமோ என்றும் ஆராய்ந்தாள். மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சிப் பகுதிகளில் ஆறு கொட்டகைகளின் மீட்டர் பதிவுகளைத் திரட்டினாள். அவற்றுள் ஒன்று அவள் தந்தையுடையது. நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு சார்ஜ் பகல் பத்துக்கும் நான்குக்கும் இடையில் ஏறுவதாக அப்பதிவுகள் காட்டின. அறிக்கையில் அதுவே நான்காம் அட்டவணை. ஆட்டோக்களுக்குச் சலுகை தேவையில்லை என்னும் முடிவு அந்த ஓர் அட்டவணையின் மீதே நின்றது.

அதன் அடித்தளம் எவ்வாறு சரிந்தது என்பதை இனிக் காண்போம்.

காலை ஆறரை மணி. கொட்டகையின் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஓட்டுநர்கள் தத்தம் வண்டிகளின் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டினர். செல்வலட்சுமி சாயா ஊற்ற, அஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.

“அம்மிணி, சீனி போட மறந்துட்டீங்களா, இல்ல அதுக்கும் ராத்திரி ரேட்டா?” என்றார் கபீர். எட்டு ஓட்டுநர்களில் மூத்தவர் அவர். அஞ்சுவைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவர்.

“கலக்கிக் குடிங்க. அடியில கெடக்கு.”

“எங்க கலக்க? கையெல்லாம் நடுங்குது. பகல்ல சார்ஜ் போடணுமாம், ராத்திரி வண்டி ஓட்டணுமாம். மட்டாஞ்சேரியில ராத்திரி பத்து மணிக்கு மேல வண்டியில ஆரு ஏறுவா? தெருவுல குரைக்கிற பட்டியும் எலி பிடிக்கிற பூச்சையும்தான் ஏறும்.”

எல்லோரும் சிரித்தனர். அஞ்சுவும் கடமைக்காகச் சிரித்தாள்.

கபீர் நிறுத்தவில்லை. “இந்த ரேட்டை எழுதுன ஆள் தீனுல நல்ல பக்தி உள்ள ஆளுதான். வருஷம் பன்னண்டு மாசமும் நாம நோன்பு பிடிக்கணும்னு ஆசைப்பட்டிருக்கு.”

அஞ்சுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்ன இக்கா சொன்னீங்க?”

“பின்ன? நோன்பு மாசத்துலதானே மோளே நாங்க பகல்ல சார்ஜ் போட்டுட்டு சீட்டுல கெடப்போம். ராத்திரித் தொழுகை முடிஞ்சா ஊரே முழிச்சிருக்கும். கடைத்தெரு, பள்ளிவாசல், சொந்தக்காரங்க வீடுன்னு விடியுறதுக்கு முன்ன சாப்பிடுற வரைக்கும் ஓட்டம்தான். மத்த பதினோரு மாசமும் பகல்ல ஸ்கூல் பிள்ளைங்க, டூரிஸ்ட்டு. பகல்ல வயரைக் குத்திட்டு உக்காந்தா வீட்ல அடுப்பு எரியுமா?”

அஞ்சு கிடங்கின் சுவரோரம் ஒதுங்கிக் கைப்பேசியைத் திறந்தாள். அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம். பதிவு திரட்டிய காலம்: மார்ச் மூன்று முதல் மார்ச் இருபத்தொன்பது வரை.

அவ்வாண்டு நோன்பு மார்ச் இரண்டாம் நாள் தொடங்கியது.

அந்த இருபத்தேழு நாள்களில் அவள் பல மாலைகள் இதே கொட்டகைக்கு வந்திருந்தாள். நோன்பு துறக்கும் வேளையில் கபீர் நீட்டிய பேரீச்சம்பழத்தையும் சமோசாவையும் தின்றிருந்தாள். தின்றுகொண்டே மீட்டரைப் படம் எடுத்திருந்தாள். குறிப்புப் பத்தியில், ‘இப்பகுதி ஓட்டுநர்கள் பகலில் ஓய்வெடுக்கும் வழக்கமுடையோர்’ என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள். பிறந்தது முதல் ஆண்டுதோறும் கண்ட மாதமாகையால் அது அவள் கண்ணுக்கு ஒரு தனி மாதமாகவே தோன்றவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், இம்மனிதர்கள் ஏன் பகலில் தூங்குகிறார்கள் என்று கேட்டிருப்பார். அவள் கேட்கவில்லை.

செல்வலட்சுமி அருகில் வந்தார். “ஏளா, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

“அம்மா, அந்த ராத்திரி ரேட்டு இருக்குல்ல.”

“ஆமா.”

“நான் எழுதுனது.”

செல்வலட்சுமி கணவர் நின்ற திசையை நோக்கினார். தங்கையா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தாம் பேச வேண்டியவற்றை உதடுகளால் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அம்மா, அது தப்பு. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சது. நோன்பு மாசத்தை வச்சு எழுதிட்டேன்.”

“எழுதுனவ நீதானே? போய் அழிச்சிட்டு வா.”

“அப்படி அழிக்க முடியாதும்மா.”

“முடியாதுன்னா என்ன அர்த்தம்? ரெண்டு வருஷமா காக்கநாட்டுக்குப் போய் என்னத்தக் கத்துக்கிட்ட? போளா, முதல்ல போ. அவர் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி போய்ச் சொல்லு.”

எர்ணாகுளத்தில் ஓர் அரங்கத்தில் விசாரணை ஏற்பாடாகியிருந்தது. பத்தரை மணிக்கு அஞ்சு நனைந்த துப்பட்டாவுடன் அங்கே நுழைந்தாள். அவளுடைய மேலாளர் சுதீர் முன்வரிசையில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் மலையாளத்தில் உரையாடினர். அதன் தமிழ் வடிவம் பின்வருமாறு.

“சார், நான்காம் அட்டவணையைத் திரும்பப் பெறணும்.”

“காலையிலேயே தமாஷ் பண்ணாதே.”

அவள் விளக்கினாள். சுதீர் கோப்பை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

“வேற மாசத்துப் பதிவு இருக்கா?”

“இல்ல. மார்ச் முடியறதுக்குள்ள வேணும்னு நீங்கதான் அவசரப்படுத்தினீங்க.”

“நான் பாலா ஊர்க்காரன் அஞ்சு. மட்டாஞ்சேரியில எப்போ நோன்புன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர்ப் பெண்ணுன்னுதானே இந்த வேலையை உன்கிட்டக் கொடுத்தேன்?”

அஞ்சு ஈரத் துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தாள்.

சுதீர் குரலைத் தாழ்த்தினார். “கேள். இன்னிக்கு ஒரு அட்டவணையை உருவினா, மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. மூணு மாவட்டத்து வேலை போயிடும். உத்தரவு வரட்டும். ஆறு மாசம் கழிச்சு மறு ஆய்வுக்கு மனு போடலாம்.”

“ஆறு மாசத்துல அந்தக் கொட்டகைங்க இருக்காது சார்.”

“வாய் திறக்காதே. அவ்வளவுதான் உன் வேலை இன்னிக்கு.”

பதினொரு மணிக்கு விசாரணை தொடங்கியது. மின் கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஆணையத்தின் தலைவர் நரைத்த கூந்தலும் மெல்லிய குரலும் உடைய பெண்மணி. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்று அறிவித்து, அதைச் சிறிதும் தளர்த்தாமல் கடைப்பிடித்தார். பேருந்து உரிமையாளர்கள் பேசினர். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தார் பேசினர். தங்கையாவும் எட்டு ஓட்டுநர்களும் அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு, கடைசி மூன்று வரிசைகளில் ஈரச் சட்டைகளுடன் அமர்ந்திருந்தனர். மகள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைத் தங்கையா கண்டார். கம்பெனி வேலையாக வந்திருக்கிறாள் என்று கபீரிடம் பெருமையாகச் சுட்டிக்காட்டவும் செய்தார்.

பகல் உணவு இடைவேளையில் அப்பெருமை முடிவுக்கு வந்தது.

தாழ்வாரத்து மேசையில் பொதுமக்கள் பார்வைக்காக அறிக்கையின் மலையாளப் படிகள் வைக்கப்பட்டிருந்தன. தம் பேச்சில் ஒரு பக்க எண்ணைச் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று எண்ணித் தங்கையா ஒன்றைப் புரட்டினார். இறுதிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஆய்வும் வடிவமைப்பும்: அஞ்சு தங்கையா.

அவர் அதை மூன்று முறை வாசித்தார். பின் கை கழுவும் இடத்தில் நின்ற மகளிடம் சென்று, அப்பக்கத்தை அவள் முன் நீட்டினார்.

“இது நீயா, வேற அஞ்சுவா?”

“நான்தான்ப்பா.”

“இந்தத் தங்கையா? அது நான்தானா?”

“அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.”

“மூணு மாசமா ஒரே வீட்ல சோறு திங்கிறோம். தெனமும் இந்த ரேட்டை எழுதுனவனை நான் ஏசிக்கிட்டு இருந்தேன். அவன் வெளங்குவானா, அவன் வீட்ல வெளக்கு எரியுமான்னு. நீ பக்கத்துல உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டிருந்த.”

“சொல்லப் பயமா இருந்தது. ஆனா நியாயம்னு நெனச்சுத்தான் எழுதுனேன். இன்னிக்குக் காலையிலதான் தப்புன்னு தெரிஞ்சது.” அவள் நோன்பு மாதத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது.

தங்கையா அறிக்கையை மூடினார்.

“நோன்பு மாசம்” என்றார். “அட பாவி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே!”

“அப்பா, நான் எழுந்து சொல்லிடுறேன்.”

“வேலை?”

“போகட்டும்.”

“சும்மா கெட. உன் வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசிக்கிடுறேன்.” அவர் திரும்பினார், மீண்டும் அவள் பக்கம் வந்து தணிந்த குரலில், “கபீர் காதுல மட்டும் இது விழவே கூடாது, கேட்டியா? உன்னைத் தோள்ல தூக்குனவன்” என்று கூறிவிட்டுச் சென்றார்.

இரண்டு மணிக்குச் செல்வலட்சுமி அழைத்தார். “சொல்லிட்டியா?” என்று கேட்டார். “இன்னும் இல்லம்மா” என்றாள் அஞ்சு.  “கரண்டு ஆபீஸ்காரன் பகல், ராத்திரி தனித்தனியாக் காட்டுற புது மீட்டர் மாட்ட நாளைக்கு வர்றானாம்” என்று கூறி அவர் இணைப்பைத் துண்டித்தார்.

பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடம். தங்கையாவின் பெயர் அழைக்கப்பட்டது.

அவர் ஒலிவாங்கியின் முன் நின்றார். மனப்பாடம் செய்த வாக்கியங்களுள் ஒன்றும் வரவில்லை. பின்வரிசையில் ஓட்டுநர்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தனர்.

“உங்கள் நேரம் ஓடுகிறது” என்றார் தலைவர்.

“மேடம், நாங்க ராத்திரி சார்ஜ் போடுறவங்க” என்று தொடங்கினார் தங்கையா. “பகல்ல ஓடுறவங்க. அவ்வளவுதான் எங்க வாழ்க்கை.”

“உங்கள் பகுதியில் பகலில்தான் சார்ஜ் ஏறுகிறது என்று நான்காம் அட்டவணை கூறுகிறதே?”

“அது...” தங்கையா முன்வரிசையைப் பார்த்தார். “அது எப்படின்னு எனக்குத் தெரியல மேடம்.”

அவருக்குத் தெரியும். தெரிந்தும் மகளுக்காக அவர் தம் வழக்கைத் தாமே கொன்றுகொண்டிருந்தார். அதை அஞ்சுவால் பொறுக்க இயலவில்லை. அவள் எழுந்தாள்.

“நான் சொல்றேன் மேடம்.”

“உட்காரு” என்று சுதீர் அவள் கையைப் பற்றினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் மனுதாரரான மின்வாரியத்தின் தரப்பினர். அந்த இடத்தில் நின்று உங்கள் ஆவணத்துக்கு எதிராகப் பேச இயலாது.”

அஞ்சு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, நடந்து சென்று தந்தையின் அருகில் நின்றாள்.

“இவர் உங்கள் சார்பில் பேசலாமா?” என்று தலைவர் வினவினார்.

தங்கையா மகளைப் பார்க்கவில்லை. “என் மகள். பேசட்டும்.”

அவள் பேசினாள். அட்டவணையைத் தயாரித்தவள் தானே என்றாள். அப்பதிவுகள் முழுவதும் நோன்பு மாதத்துக்கு உரியவை; ஓராண்டுக் கணக்கை அம்மாதத்தைக் கொண்டு அளந்தது தன் பிழை; மற்ற பதினோரு மாதங்களிலும் அவ்வண்டிகள் இரவிலேயே சார்ஜ் ஏறுகின்றன என்றாள். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

“அதைத்தானே நான் காலையில சொன்னேன்!” என்று கபீர் மகிழ்ந்து எழுந்தார். அடுத்த கணமே அவருக்கு மற்றதும் விளங்கியது. “மோளே, அப்ப அதை எழுதுனது நீயா?”

அவள் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

சுதீர் எழுந்தார். அவர் குரலில் பதற்றமில்லை. “மேடம், இவ்வம்மையார் குடும்பத்தின் நெருக்கடியால் பேசுகிறார். கொட்டகை உரிமையாளர்கள் தங்கள் பதிவுகள் சரியானவை, ஆண்டு முழுவதற்கும் பொருந்துபவை என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். இதோ, தங்கையா அவர்களின் கையொப்பம்.”

ஒரு தாள் தலைவரின் மேசைக்குச் சென்றது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். மார்ச் இறுதியில் ஒரு நாள், வண்டி கழுவிக்கொண்டிருந்த தந்தையிடம் அஞ்சு அதை நீட்டினாள். “என்னதுட்டி?” என்று அவர் கேட்டார். “ஒண்ணும் இல்லப்பா, மேல்படிப்புக்கு ஒரு புராஜெக்ட்” என்று அவள் பொய் கூறினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவர் கையொப்பமிட்டார்.

தலைவர் தாளைப் படித்துவிட்டுத் தங்கையாவை நோக்கினார். இம்முறை அவர் மிக மெதுவாகப் பேசினார்.

“கவனமாகக் கேளுங்கள். இதில் எழுதியிருப்பது என்னவென்று அறியாமல் நீங்கள் கையொப்பமிட்டிருந்தால், இந்த அட்டவணையை இப்போதே நீக்கிவிடுவேன். ஆட்டோக்களுக்கு இரவுக் கட்டணம் பொருந்தாது. ஆனால் உண்மையை மறைத்துக் கையொப்பம் வாங்குவது குற்றம். வாங்கியவர் மீது காவல்துறைக்கு எழுத வேண்டியது என் கடமை. அறிந்தே கையொப்பமிட்டிருந்தால் அட்டவணை நிற்கும். உங்கள் மகள் கூறியது வெறும் குறிப்பாகப் பதியப்படும். எது உண்மை?”



“உண்மையைச் சொல்லுங்கப்பா” என்றாள் அஞ்சு தாழ்ந்த குரலில். “பரவாயில்ல. சொல்லிடுங்க.”

தங்கையா ஒலிவாங்கியின் தண்டை இரு கைகளாலும் பிடித்தார்.

“தெரிஞ்சுதான் போட்டேன் மேடம்.”

“அப்பா!”

“நீ சும்மா இரு.”

“உங்களுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா?” என்று தலைவர் கேட்டார். அவர் குரலில் ஒரு வழி திறந்திருந்தது.

“என் மகள் எனக்கு வாசிச்சுச் சொன்னா. ஒவ்வொரு வரியும் சொன்னா. எதையும் மறைக்கல.” தங்கையா குரலை உயர்த்தினார். “எல்லாம் தெரிஞ்சுதான் ஒப்பு போட்டேன்.”

 தலைவர் எழுத்தரிடம் திரும்பி, நான்காம் அட்டவணை நிற்கும் என்றும், கட்டணம் ஆகஸ்ட் முதல் நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்றும் சொல்லச் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார்.

பின்வரிசைகளில் நாற்காலிகள் இழுபடும் ஓசை எழுந்தது. எட்டுப் பேரும் எழுந்துவிட்டனர். கபீர் மட்டும் நடுவழி வரை வந்தார்.

“தங்கையா அண்ணா, உங்க வண்டிக்கு நீங்க ஒப்பு போட்டுக்கங்க. எங்க எட்டு வண்டிக்கும் சேர்த்துப் போட உங்களுக்கு ஆரு அதிகாரம் தந்தது?”



“இக்கா, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவர் பொய் சொல்றார்” என்று அஞ்சு கதறினாள். தந்தையின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றி நெரித்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

“ரெண்டு பேருல ஆரு பொய்யின்னு வீட்ல போய்த் தீர்மானிச்சுக்கங்க” என்றார் கபீர். “இன்னிக்கு ராத்திரி எங்க வண்டி எதுவும் அங்க வராது. அம்மிணிகிட்டச் சொல்லிடுங்க, காத்திருக்க வேண்டாம்னு.”

அவர்கள் வெளியேறினர். கதவு திறந்து மூடியபோது மழையின் இரைச்சல் உள்ளே வந்து போயிற்று.

“வேறு எவரேனும் பேச விரும்புகிறீர்களா?” என்று தலைவர் கேட்டார்.

எவரும் கை உயர்த்தவில்லை. தங்கையா இன்னும் ஒலிவாங்கியின் தண்டை விடவில்லை; மற்றொரு கை மகளின் மணிக்கட்டையும் விடவில்லை. விசாரணை முடிவுற்றதாகத் தலைவர் அறிவித்தார். அப்போது நேரம் பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.